அம்மையார் யாருக்குச் சொந்தம்? - மாங்கனித் திருவிழாவில் அம்மாச்சி சொன்ன பதில்!

அந்த கார்டைப் போட்டது நான்தான்.

ஆனி மாதம். காரைக்கால் மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் காரைக்கால் அம்மையார் பற்றி ஒரு கார்டு கேட்டார்கள். சொந்த ஊர் விஷயம் ஆயிற்றே! பத்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாம்பழப் படம், அதன் மேல் 'தமிழ்நாட்டின் முதல் பெண் பக்திக் கவிஞர்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கமென்ட் பகுதி கொதித்துக்கொண்டிருந்தது.

'காரைக்கால் எந்த மாநிலம்னு தெரியாதா? அது புதுச்சேரி!' என்றார் ஒருவர். 'அந்தக் காலத்துல புதுச்சேரி ஏதுப்பா?' என்றார் இன்னொருவர். 'அவர் எங்கள் சமூகத்துப் பெண். அதை ஏன் மறைத்தீர்கள்?' என்று ஒரு கோபம். 'சைவ அடியாரைத் தமிழ், தமிழ்நாடு என்று சுருக்காதீர்கள்' என்று ஒருவர் எழுத, 'தமிழச்சி என்று சொல்ல என்ன கூச்சம்?' என்று மற்றொருவர் பாய்ந்தார். போதாக்குறைக்கு, 'எழுதினவர் காரைக்கால் பக்கமே போயிருக்க மாட்டார்' என்று ஒரு தீர்ப்பு. நான் பிறந்து வளர்ந்ததே காரைக்காலில்தான்!

எடிட்டருக்கு மகிழ்ச்சி. "நல்லா போகுது. ஊருக்குத்தானே கிளம்புறே? 'அம்மையார் யாருக்குச் சொந்தம்?'னு ஒரு ஃபாலோ-அப் பண்ணு. நாலு ஆப்ஷன் கொடுத்து ஒரு போல் வெச்சுடு" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த நாலு ஆப்ஷனை யோசித்தபடியே ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காரைக்காலைச் சுற்றி நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும். தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால், தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1-ம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. சென்னை ஹாஸ்டலில் "நீ தமிழ்நாடா, பாண்டியா?" என்று கேட்டால், "காரைக்கால்" என்று மட்டும் சொல்வேன். "அதான், எது?" என்பார்கள்.

1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. என் தாத்தாவின் அப்பா எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி கொடுக்கவில்லை. ஒரே கூடம், ஒரே கிணறு. அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்!

அந்த ஒரு கையெழுத்தால், என் தாத்தாவும் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். கல்யாணமாகி, என் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போனார். எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். முதலில் பணமும் கடிதமும் வந்தன. பிறகு கடிதம் மட்டும். அதன் பிறகு, அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்தது. அம்மாச்சிக்கு அப்போது வயது 23.

நான் கல்லூரியில் படித்தபோது, சொந்தக்காரர் ஒருவர் ஆசை காட்டினார். "உங்க தாத்தா வழியில பேப்பர் எடுத்துப் பாருங்க. கெடச்சா பாரீஸ்ல போய்ப் படிக்கலாம்" என்றார். அதற்கு, மேரியில் பதிந்த அம்மாச்சியின் கல்யாணப் பத்திரம் வேண்டும். அது அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கேட்டேன். "தர மாட்டேன்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நான் கத்தினேன். "உங்களுக்குக் கெடைக்காதது எனக்கும் கெடைக்கக் கூடாதா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதன் பிறகு, பல மாதங்கள் போனில்கூடப் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், அந்தப் பேச்சை மட்டும் நாங்கள் எடுத்ததில்லை.

இது ஒருபக்கம் இருக்கட்டும். ஃபாலோ-அப்புக்காகப் படிக்க ஆரம்பித்தால், இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது.

போதிதர்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் '7ஆம் அறிவு' வந்த பிறகு, அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனால், அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று, 547 வாக்கில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அடுத்து வந்த நூல்கள், தென்னிந்தியர் என்கின்றன. ஒன்று அரசனின் மகன் என்கிறது, ஒன்று பிராமணர் என்கிறது. 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு சீன நூலில்தான், 'சியாங்ஜி' என்ற நாட்டின் பெயர் இருக்கிறது. அந்த ஒலியைத்தான் 'காஞ்சி' என்று சிலர் வாசிக்கிறார்கள்.

புத்தருக்கும் இதே கதி. 2020-ல் இந்திய வெளியுறவு அமைச்சர் புத்தரை மாபெரும் இந்தியர்களில் ஒருவராகக் குறிப்பிட்டதாகச் செய்தி வர, 'அவர் பிறந்த லும்பினி எங்கள் மண்' என்று நேபாளத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. லும்பினியில்தான் பிறந்தார் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. புத்தர் பிறந்தபோது நேபாளம் என்ற நாடும் இல்லை, இந்தியக் குடியரசும் இல்லை.

நம் அம்மையாரும் அப்படித்தான். ஆய்வாளர்கள் பலர் அவர் காலத்தை 6-ம் நூற்றாண்டு என்கிறார்கள். 'தமிழ்நாடு' என்று இன்றைய மாநிலத்துக்குப் பெயர் வந்தது 1969-ல். புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஆனது 1963-ல். நான் போட்ட வரியும் தப்பு, அதைத் திருத்தியவர் சொன்னதும் தப்பு!

இன்னொன்றும் தெரிந்தது. புனிதவதி என்ற பெயர், வணிகர் குலம், அப்பா தனதத்தன், நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளையான கணவர் பரமதத்தன்... இவையெல்லாம் 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இருப்பவை. அம்மையாரே பாடிய அற்புதத் திருவந்தாதியிலோ, திருவிரட்டை மணிமாலையிலோ, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களிலோ, அந்தப் பெயரும் இல்லை, குலமும் இல்லை, கணவரும் இல்லை. தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்வது இரண்டே விஷயங்கள். ஒன்று, காரைக்கால். மற்றொன்று, பேய்.

அந்தப் பேய் எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? இலங்கையில் பொலன்னறுவைச் சிவன் கோயிலில் கிடைத்த வெண்கலச் சிலையாக இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கம்போடியாவில், 967-ல் எழுப்பப்பட்ட பாந்தே ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவன் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் இருக்கிறது. அது நம் அம்மையார்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

திருவிழா நாள். பவளக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா. வீட்டு வாசலிலிருந்தும் மாடியிலிருந்தும் கூடை கூடையாக மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே ஆயிரம் கைகள். எனக்கு ஒரு பழம் தோளில் விழுந்தது, இன்னொன்று மொபைலில்! பிடித்த பழத்தைப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அக்கா கேட்டார். கல்யாணமாகி ஏழு வருடமாம். கொடுத்துவிட்டேன். எந்த மாநிலம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். போன் கேமராவை ஆன் செய்துவிட்டுக் கேட்டேன், "அம்மாச்சி, அம்மையார் யாருக்குச் சொந்தம்?"

"என்னடி கேள்வி இது?"

கமென்ட் சண்டையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, எனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொன்னார். கணவர் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்கள். பசியோடு வந்த சிவனடியாருக்கு அதில் ஒன்று. சாப்பிடும்போது கணவர் இன்னொன்றையும் கேட்க, புனிதவதி இறைவனிடம் வேண்டிப் பெற்ற பழம். அதன் ருசியே வேறு. "எங்கே, இன்னொன்று வாங்கு பார்ப்போம்" என்று கேட்டு, அதுவும் கிடைத்ததும், பயந்துபோன கணவர். கப்பல் ஏறிப் போனவர், திரும்பி வரவில்லை. பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. அதற்குப் பெயர் புனிதவதி.

"சொந்தக்காரங்கல்லாம் பல்லக்குல வெச்சுத் தூக்கிட்டுப் போயி, அவன்கிட்ட விட்டாங்க. அவனோ பொண்டாட்டி புள்ளையோட கால்ல விழுந்தான். அப்போ அவ என்ன கேட்டா தெரியுமா? இவனுக்காகச் சுமந்த இந்த ஒடம்பு இனிமே வேணாம்னு கேட்டா. அப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போகல, புருஷன் வீட்டுலயும் நிக்கல. யாருக்கும் சொந்தமா இருக்க வேணாம்னுதாண்டி பேயா ஆனா. இப்போ போயி, எங்களுக்குச் சொந்தம், உங்களுக்குச் சொந்தம்னா... கேட்டா சிரிப்பா."

நான் ஒன்றும் பேசவில்லை. அம்மாச்சிதான் பேசினார்.

"அந்தப் பத்திரம் கேட்டியே, நெனப்பு இருக்கா?"

ஆறு வருடங்களாக நாங்கள் தொடாத பேச்சு.

"அதைக் கொடுத்தா, நான் அவரு பொண்டாட்டினு திரும்ப ஒரு தடவ எழுதிக் கொடுக்கணும். நீ படிக்கணும்னு எனக்கும் ஆசதான். ஆனா, அதை மட்டும் என்னால முடியல. சொல்லத் தெரியாம 'தர மாட்டேன்'னு சொல்லிட்டேன். பெட்டிச் சாவி மாடத்துலதான் இருக்கு. இப்போ வேணும்னா எடுத்துக்க."

கேமரா ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அணைத்தேன். "வேணாம் அம்மாச்சி. அன்னிக்கு அப்படிக் கத்துனதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றேன். "போடி, பழம் சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினார். அழுகிறேனா என்று அவர் பார்க்கவில்லை. பார்க்காததுபோல இருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த கமென்ட்காரர்கள் எல்லோரையும் என்னால் கிண்டல் செய்துவிட முடியாது. 'காரைக்கால் எங்கே போச்சு?' என்று கேட்டவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சின்ன ஊரின் பெயரைப் பெரிய பெயர் விழுங்கும்போது வலிக்கும். அது எனக்கே தெரியும். குலம், கணவர், பெயர், உடம்பு என எல்லாவற்றையும் உதறிய அம்மையாரே, ஊர்ப் பெயரை மட்டும் உதறவில்லையே! ஆனால், அவர் ஊரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவரைக் கொண்டுபோய் ஒரு மாநிலத்துக்குள்ளோ, ஒரு சாதிக்குள்ளோ பூட்டுவது வேறு.

அம்மாச்சி பேசியதில், அம்மையார் பற்றிய பகுதியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். போல் வைக்கவில்லை. எடிட்டர் கொஞ்சம் முகம் சுளித்தார். படித்து முடித்ததும், "சரி, போடு" என்றார். அந்த கார்டுக்கு வந்ததில் பாதிகூட இந்தக் கட்டுரைக்கு ஷேர் வரவில்லை. பெட்டிச் சாவி பற்றி இன்றுதான் எழுதுகிறேன். அதுவும், அம்மாச்சியிடம் கேட்டுவிட்டு.

அன்று அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர் மட்டும் கேட்டிருந்தார், 'எல்லாம் சரி, கடைசியில் அம்மையார் எந்த ஊர்னு சொல்லவே இல்லையே?'

நான் பதில் போட்டேன்: 'காரைக்கால்.'