ஊதுலையின் உச்சியிலே

உயர்தர வகுப்பில் ஊதுலையின் படத்தை நான் வரைந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. இரும்புத் தாது, கற்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவை மேலிருந்து இறங்கும். வெப்பக்காற்று கீழிருந்து ஏறும். உருகிய இரும்பும் கசடும் அடியில் வெளியேறும். உச்சியில் ஓர் அம்புக்குறியிட்டுக் 'கழிவு வாயுக்கள்' என்று எழுதிவிட்டால் படம் முடிந்தது, புள்ளியும் கிடைத்தது. அவ்வம்பு எங்கே செல்கின்றது என ஆசிரியர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

கேட்டவர்களுள் ஒருவர், ஆய்வுகூடச் சுடரடுப்பினால் நாமெல்லோரும் பெயரறிந்த றொபேட் பன்சன். ஜேர்மனியின் மரக்கரி உலைகளை முன்னரே ஆராய்ந்திருந்த அவர், 1845இல் லயன் பிளேஃபெயருடன் சேர்ந்து இங்கிலாந்தில் அல்பிறற்றன் என்னுமிடத்து ஊதுலையின் வாயுக்களைப் பகுத்தாய்ந்தார். ஜேர்மன் உலைகளில் எரிபொருள் வெப்பத்தின் பாதிக்கு மேலும், ஆங்கில உலைகளில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேலும் வாயுக்களோடு வீணே போயின. அவ்வாயுக்களில் இருந்த காபனோரொட்சைட்டு எரியாமலே வெளியேறியமை இதற்கு ஒரு பெருங்காரணம். பின்னர் உலையின் வாயை மூடி வாயுவைக் குழாய்வழி இறக்கினர். உலை விட்ட மூச்சை எரித்தே அது உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கினர், மின்சாரமும் பெற்றனர். எனவே, நான் 'கழிவு' என எழுதுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அச்சொல் பிழையாகிவிட்டது!

அண்மையில் என்னை ஈர்த்தது பெல்ஜியத்தின் கென்ற் நகரத்துச் செய்தி. அங்குள்ள உருக்காலையில் ஆண்டுக்கு 8 கோடி லீற்றர் எதனோல் ஆக்கவல்ல நிலையமொன்று 2022 திசெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. வாயுவை எதனோலாக்குவது ஒரு பற்றீரியா. 1994இல் விவரிக்கப்பட்ட குளொஸ்திரிடியம் ஓட்டோஎதனோஜீனம் என்னும் அவ்வினம் முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது முயலின் எச்சத்திலிருந்தாம். மனிதனைக் கொல்லும் நச்சுவாயு இந்நுண்ணுயிருக்கு உணவாகின்றது.

மகிழ்ச்சியோடு தாளெடுத்துச் சமன்பாட்டை எழுதினேன். காபனோரொட்சைட்டு மட்டுமே உணவாயின், அதன் ஆறு மூலக்கூறுகளும் நீரின் மூன்று மூலக்கூறுகளும் சேர்ந்து ஓர் எதனோல் மூலக்கூறையும் நான்கு காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளையும் தரும். ஆறு காபன் அணுக்களில் நான்கு வானத்துக்கே போகின்றன. எஞ்சிய இரண்டும் எதனோல் எரியும் நாள்வரையே தங்கும். அவ்வெதனோல் பெற்றோலுக்குப் பதிலாக எரிவதால் இலாபம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயின் அதே வாயு முன்பு மின்னிலையத்தில் எரிந்திருப்பின், இழந்த மின்சாரத்தையும் கணக்கிற் கழித்தாக வேண்டும். செய்தித்தாள்கள் இக்கழித்தலைப் பெரும்பாலும் செய்வதில்லை.

ஐதரசன் கிடைத்தாற் கணக்கு மாறும். இரண்டு காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளோடு நான்கு ஐதரசன் மூலக்கூறுகள் சேரின் எதனோலும் நீருமே விளையும். காபன் சிறிதும் தப்பாது. கற்கரிச் சூளை வாயுவின் கனவளவிற் பாதிக்கு மேல் ஐதரசனே. ஆனால் அவ்வாயுவும் ஆலையின் சூளைகளையும் உலைகளையும் சூடாக்க ஏற்கெனவே செலவாகின்றது. 2018இல் ஜேர்மனியின் டூயிஸ்பேர்க் நகரில் உருக்காலை வாயுவிலிருந்து மெதனோல் ஆக்கியோர், ஐதரசனுக்காக நீரை மின்பகுப்புச் செய்யும் வழியை நாடினர். அதற்கான மின்சாரம் நிலக்கரியை எரித்துப் பெறப்படுமாயின், என் அம்புக்குறி இடம் பெயர்ந்து வேறொரு புகைபோக்கியின் உச்சியிலே போய் நிற்கும்.