துளைவழி நீர்

தமிழ் பயிலும் உங்களுக்குக் குழாய்க் கணக்கு எதற்கு என்று தோழர் சிலர் எம்மை வினவுவதுண்டு. யாம் வளர்ந்த லால்பேட்டை வீராணத்தேரியை அடுத்துள்ளது. ஏரிநீர் உண்டு வளர்ந்தார்க்கு நீரின் அளவு பிறர் கணக்கன்று. தம் சோற்றின் கணக்கேயாம்.

பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த இவ்வேரிக்கு, அவனுக்குரிய வீரநாராயணன் என்னும் பெயரே வீராணம் என மருவி வழங்குகின்றது. கொள்ளிடத்துக் கீழணையினின்று வடவாற்றின் வழி வரும் நீர் இதன்கண் தேங்கி வயல்களுக்குப் பாய்கின்றது. 2004-ஆம் ஆண்டு முதல் இந்நீரில் ஒரு பகுதி, இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு குழாயிற் சென்று சென்னை மாநகரின் தாகமும் தணிக்கின்றது. ஒரு நீர் இருவர்க்குப் பங்காகுமிடத்து, அளவு பிழைபடின் நட்பும் பிழைபடும்.

மதகின் கண் ஒரு துளையே. துளைவழிப் பாயும் நீரின் விரைவு, மேல் நிற்கும் நீருயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்னும் உண்மையை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். எனவே, கண்ணுக்கு மேல் நான்கடி நின்ற நீர் ஓரடியாகக் குறைந்தால், பாய்ச்சல் கால் பங்காவதில்லை, பாதியாகும். வாய்க்காலை மட்டும் நோக்குவார்க்கு ஏரி வற்றுவது விரைவில் புலப்படாமைக்கு இதுவே காரணம்.

குழாயினுள்ளும் இவ்விதியே ஆள்கின்றது. நடுவில் வட்டத்துளையுள்ள தகடொன்றைக் குழாயிற் குறுக்கே பொருத்தினால், நீர் துளையில் விரைகின்றது. விரைவு மிக, அழுத்தம் குறைகின்றது. தகட்டின் முன்னும் பின்னுமுள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டு பாய்ச்சலைக் கணிக்கலாம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 50 மில்லிமீட்டர் துளை. வேறுபாடு 1 மீட்டர் நீருயரம் எனக் கொள்வோம். இவ்வுயரத்திற்குரிய விரைவு நொடிக்கு 4.43 மீட்டர், துளையின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். தாரை துளையைக் கடந்தபின் மேலும் சுருங்குதலின், இவற்றின் பெருக்கத்தை 0.61-ஆற் பெருக்கல் வேண்டும். தகட்டை அடையுமுன்பே நீருக்குள்ள விரைவின் பொருட்டு 0.97-ஆல் வகுத்தால், நொடிக்கு ஏறத்தாழ 5.5 லிட்டர் என விடை வரும். இதனை இருமடங்காக்க, அழுத்த வேறுபாடு நான்கு மீட்டராதல் வேண்டும்.

இவ்வாறு குறைந்த அழுத்தம் முழுதும் மீள்வதில்லை. மேற்கூறிய அளவுள்ள தகட்டில் ஏறக்குறைய முக்காற் பங்கு சுழலிற் கரைந்தொழிகின்றது. அவ்விழப்பை நீரேற்றும் பொறியே ஈடுசெய்தல் வேண்டும். அளப்பதற்கும் ஒரு விலையுண்டு என்பது இதனால் விளங்கும். அவ்விலைக்கு அஞ்சியே இக்காலத்துப் பெருங்குழாய்களிற் பலவற்றில் நீரைத் தடுக்காத மின்காந்த அளவிகளை வைக்கின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. துளையின் முன்விளிம்பு கூர்மையாய் இருத்தல் வேண்டும். மணல் தேய்த்து அது மழுங்குமாயின், அதே அழுத்த வேறுபாட்டில் மிகுதியான நீர் செல்லும். கணக்கோ பழைய அளவையே காட்டும். யாரும் பொய் சொல்லாமலே ஏடு பொய்யாகிவிடும். கடைமடை உழவன் ஏட்டிலுள்ள எண்ணை நம்பவேண்டுமாயின், அளவி எவ்வகையினதாயினும் அதனைக் காலந்தோறும் சோதித்தல் கடனாம்.

நண்பர்காள்! வீராணம் காண வருங்கால், கரையில் நின்று நீர்ப்பரப்பைக் கண்டு களிப்பதோடு அமையாதீர். மதகருகே நின்று, கண்ணுக்கு மேல் நீர் எத்துணையடி என்பதையும் கேட்டறிந்து செல்லுங்கள்.