நைனாவின் கடுதாசியும் எட்டு கிகாபிட் லிங்க்கும்

எங்க ஊர் கார்வேட்டிநகரம், சித்தூர் மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆற்காட்டோடு இருந்த ஊர். "நீங்க தமிழா, தெலுங்கா?" என்று இங்கே கேட்காத ஆளில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அவ்வளவுதான்.

நான் 1999-ல் அமெரிக்கா வந்தபோது வீட்டில் போன் கிடையாது. கடுதாசிதான். போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். நைனாவிடம் ஒரு பழக்கம், நான் பதில் போட்டால்தான் அடுத்ததை எழுதுவார். அதனால் மாதத்துக்கு ஒன்றுதான் வரும். ஒருமுறை ஆபீஸில் ஆணி அதிகம் என்று மூன்று வாரம் பதில் போடாமல் விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குத் திருப்பதியில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அம்மா வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். புத்தூர் போய் ஒரு ஐ.எஸ்.டி. போட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "உன் பதில் வரட்டும்னு இருந்தேன்பா" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்க?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஸ்டோரேஜ் நெட்வொர்க் வேலை. 2009-ல் ஒரு வாடிக்கையாளருக்கு 50 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு டேட்டா சென்டர்கள். எங்க ஊரிலிருந்து திருப்பதி போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதும் தகவல் அங்கேயும் நகலாக வேண்டும். இரண்டு பக்க சுவிட்சுகளையும் இணைத்த லிங்க் 2 கிகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை 8 கிகாபிட்டுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது.

சனிக்கிழமை ராத்திரி மாற்றினேன். நடுவில் இருக்கும் ஆப்டிகல் கருவி ஒரே வேகத்துக்கு அமைக்கப்பட்டது. ஆட்டோவில் விட்டால் போர்ட்டுகள் அதோடு ஒத்துப்போகாமல் தடுமாறலாம். அதனால் இரண்டு பக்கமும் வேகத்தை 8 என்று நிலையாக வைத்தேன். லிங்க் வந்தது, ஒரு எர்ரர் இல்லை. ஆனால் தகவல் போன வேகம்? பழையபடி விநாடிக்கு 200 மெகாபைட்தான்! "எட்டுக்குக் காசு கொடுத்தோமே" என்று கேட்டார்கள். கேட்பார்கள்தானே.

காரணம் என் தப்புதான். ஃபைபர் சேனலில் அனுப்பும் போர்ட் தன் இஷ்டத்துக்கு அனுப்பிக்கொண்டே போக முடியாது. எதிர் போர்ட் "என்னிடம் இத்தனை பஃபர் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடும். அதுதான் கிரெடிட். ஒரு ஃபிரேம் அனுப்பினால் ஒரு கிரெடிட் குறையும். அது போய்ச் சேர்ந்து, "வாங்கிக்கொண்டேன், இடம் காலி" என்ற பதில் வந்தால்தான் ஒன்று கூடும். கிரெடிட் தீர்ந்துவிட்டால், லிங்க் சும்மா கிடந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ செகண்ட் ஆகும். 50 கிலோமீட்டர் போய்ப் பதில் வர 500. ஏறக்குறைய 2 கிலோபைட் உள்ள முழு ஃபிரேமை 2 கிகாபிட்டில் அனுப்ப சுமார் 10 மைக்ரோ செகண்ட். ஆக, பதில் வருவதற்குள் 50 ஃபிரேம் அனுப்பலாம். பழைய கான்பிகரேஷனில் நான் கையால் போட்டிருந்ததும் 50 கிரெடிட். 8 கிகாபிட்டில் ஒரு ஃபிரேமுக்கு 2.5 மைக்ரோ செகண்ட் போதும், அதனால் 200 கிரெடிட் வேண்டும். நான் வேகத்தை மட்டும் மாற்றிவிட்டு 50-ஐ அப்படியே விட்டுவிட்டேன். சுவிட்ச் 50 ஃபிரேமைச் சட்டென்று அனுப்பிவிட்டு, மீதி நேரமெல்லாம் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கிரெடிட் பூஜ்யத்தில் நின்றதைக் காட்டும் கவுன்ட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

முழு ஃபிரேமுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 2 கிகாபிட்டில் 1 கிரெடிட், 4-ல் 2, 8-ல் 4, 16-ல் 8. ஃபிரேம் சின்னதாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். அதற்காகக் கொஞ்சம் சேர்த்து 240 போட்டேன், இரண்டு பக்கமும். கிரெடிட்டை எதிர்ப்பக்கம்தான் கொடுக்கிறது என்பதால் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஒரு திசைதான் சரியாகும். பக்கத்துப் போர்ட்டுகளும் அதே பஃபரைப் பங்கு போடுவதால், மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். வேகம் சரசரவென்று ஏறியது.

அந்த ராத்திரி திரையைப் பார்த்தபோது எனக்கு நைனாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் மெதுவாக எழுதியதோ, தபால்காரர் மெதுவாக வந்ததோ அல்ல பிரச்சினை. எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு கிரெடிட். அதையும் நான் மூன்று வாரம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

அப்போது ஊரில் விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பதில் வராம எத்தனை கடுதாசி வரைக்கும் எழுதலாம்ன்றே?" என்றார்.

"இருநூத்தி நாப்பது, நைனா."

சிரித்தார். அடுத்த நாளே அவராகப் போன் செய்தார். விசேஷம் ஒன்றுமில்லை, மழை பெய்கிறதாம்.