பழைய கை, புதிய வீச்சு

தியானப் பகுதி: எபேசியர் 4:20-32, கலாத்தியர் 2:11-14



ஆலயக் கூடத்தில் வாலிபர்கள் போட்டிருக்கும் டேபிள் டென்னிஸ் மேசையருகே செவ்வாய்க்கிழமை மாலைகளில் நானும் மட்டையோடு நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். இறையியல் கல்லூரி விடுதியில் நான் கற்ற ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்: வருகிற பந்தை மணிக்கட்டால் தள்ளி அனுப்புவது. ரப்பர் தேய்ந்த மட்டைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது நம் சபைத் தம்பி ஒருவர் டாப் ஸ்பின் கற்றுத் தருகிறார். முழங்கால் சற்று மடங்கி, இடுப்பு திரும்பி, கை கீழிருந்து மேலாக எழுந்து பந்தை உரசிச் செல்ல வேண்டும். விளக்கம் எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. கைக்குத்தான் புரியவில்லை. "கை மட்டும் தனியாப் போகுதுங்க ஐயா, இடுப்பு வரமாட்டேங்குது" என்கிறார் தம்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மேசையின் நீளம் 274 சென்டிமீட்டர். பந்தின் எடை 2.7 கிராம். விரைவாக அடிக்கப்பட்ட பந்து அக்கரையிலிருந்து இக்கரை வந்து சேர அரை வினாடிகூட ஆவதில்லை. அந்த நேரத்தில் சிந்தித்து அடிக்க எவராலும் இயலாது. உடல் எதை ஆயிரம் முறை செய்திருக்கிறதோ அதையே செய்யும். ஆகவே வயது வந்தபின் வீச்சை மாற்ற முனைகிறவர்களை நல்ல பயிற்சியாளர்கள் உடனே ஆட்டத்தில் இறக்குவதில்லை. முதலில் பந்தே இல்லாமல் வீசச் சொல்கிறார்கள். பிறகு ஒரு வாளி நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு, ஒரே இடத்துக்கு, ஒரே வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். சில வாரங்களுக்குப் புள்ளி எண்ணுவது கூடாது. எண்ணத் தொடங்கிய மறுகணமே கை பழைய வீச்சைத் தேடி ஓடும். ஏனெனில் பழைய வீச்சு வெற்றி தரும் வீச்சு. அது அழகற்றது, ஓர் எல்லைக்கு மேல் நம்மை வளரவிடாதது. ஆனாலும் இன்று மாலை ஆட்டத்தை அதுதான் வென்று தரும். புதிய வீச்சைப் பிடித்துக்கொள்கிறவன், நேற்றுவரை தான் வென்ற ஆட்களிடமெல்லாம் மாதக்கணக்கில் தோற்க வேண்டியிருக்கும். பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போவது அந்த இடத்தில்தான்.

சென்னையைச் சேர்ந்த சரத் கமல் இந்த விளையாட்டில் நம் நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர். 1982-ல் பிறந்தவர். அவருடைய காலத்தில் பந்தே மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் அதன் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆயிற்று. 2001-ல் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளி ஆட்டமானது. ரப்பருக்குக் கூடுதல் துள்ளலைக் கொடுத்துவந்த ஒருவகைப் பசை 2008-ல் தடை செய்யப்பட்டது. 2014 முதல் செல்லுலாய்டு பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து வந்தது. அதில் சுழற்சி முன்புபோல் ஏறுவதில்லை. பழைய பந்துக்காகச் சிறுவயது முதல் செதுக்கப்பட்ட கை, முப்பது வயதுக்கு மேல் வேறு பந்துக்குத் தன்னைப் பழக்க வேண்டியதாயிற்று. 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், பதினாறு ஆண்டுகள் கழித்து, தம் நாற்பதாம் வயதில், 2022-ல் பர்மிங்காமில் அதே தங்கத்தை மீண்டும் வென்றார். அந்த இறுதி ஆட்டத்தின் முதல் செட்டை 11-13 என்று தோற்ற பிறகே அடுத்த நான்கையும் வென்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எபேசியர் 4-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் வழக்கமாக இரண்டு செயல்களைக் கவனிக்கிறோம்: பழைய மனுஷனைக் களைவது, புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வது. சட்டையைக் கழற்றி வேறு சட்டை அணிவதுபோல் அது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அவ்விரண்டுக்கும் நடுவே, 23-ஆம் வசனத்தில், மூன்றாவது ஒன்று நிற்கிறது: உள்ளத்தில் புதிதாவது. கிரேக்க மூலத்தில் களைதலும் தரித்தலும் முழுமையாகச் செய்யப்படும் ஒரு செயலைக் காட்டும் வினை வடிவில் உள்ளன. புதிதாகுதல் மட்டும் தொடர்ந்து நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் வடிவில் உள்ளது. ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கி ஏறச் சில நிமிடங்கள் போதும். நடுவில் இருக்கும் அந்தச் சொல்லுக்கு ஆயுள் வேண்டும்.

28-ஆம் வசனத்தையும் கவனியுங்கள். திருடினவன் திருட்டை விட்டால் போதும் என்று பவுல் நிறுத்தவில்லை. அவன் தன் கைகளால் உழைக்க வேண்டும். உழைப்பதும் இல்லாதவனுக்குக் கொடுக்கும்படியாக. எடுத்துப் பழகிய அதே கைக்குக் கொடுக்கும் வீச்சைக் கற்றுத் தருகிறார் அப்போஸ்தலர். சும்மா இருக்கும் கை பழைய இடத்துக்கே போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பேதுருவின் காரியத்தைப் பாருங்கள். யோப்பாவில் அவருக்குத் தரிசனம் காட்டப்பட்டது, அதுவும் ஒருமுறையல்ல, மூன்று முறை. (வாளிப் பந்துப் பயிற்சியைப் பரலோகமும் அறிந்திருக்கிறது போலும்.) அதன்பின் கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனார், புறஜாதியார்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதைக் கண்ணாரக் கண்டார். அந்தியோகியாவில் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார். ஆனால் எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்தவுடன் மெல்லப் பின்வாங்கி, தனியே பிரிந்துகொண்டார். அவருடைய கொள்கை மாறிவிட்டதாகப் பவுல் சொல்லவில்லை, பயம் என்கிறார். பந்து வேகமாக வந்தது, பழைய கை முந்திக்கொண்டது. பர்னபாவும் அதில் இழுபட்டுப் போனார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழியில் பாதி உண்மை உண்டு. பழைய வீச்சு அழிந்துபோவதில்லை. உள்ளே எங்கோ கிடக்கிறது, நெருக்கடியில் எழுந்து வருகிறது. மற்றப் பாதியை நான் ஏற்கமாட்டேன். நம் சபைகளில் இந்தப் பழமொழி எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்பதே என் மனவருத்தம். குடியை விட்டுச் சாட்சி சொன்ன ஒரு சகோதரர் நான்கு மாதம் கழித்து ஒரு மாலை தடுமாறி வீடு திரும்பினால், அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே ஆலய வாசலில் அது பேசப்படுகிறது. "பழைய புத்தி எங்கே போகும்?" நாம் புள்ளி எண்ணத் தொடங்கிவிட்டோம். மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதிலும் சில சமயம் நாம் அவசரப்படுகிறோம் என்பது என் எண்ணம். பயிற்சிக் காலத்தில் இருப்பவரை இறுதி ஆட்டத்தில் நிறுத்திக் கைதட்டுகிறோம், தோற்றால் கலைந்துவிடுகிறோம்.

ஜெபக்கூட்டத்தில் அவர் உறுதியாக இருப்பது பந்தில்லாமல் வீசும் பயிற்சி போன்றது. அவருக்கு உண்மையான ஆட்டம், தறிப்பட்டறையில் வாரக் கூலி கைக்கு வருகிற அந்த மாலைதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் கைக்கு வேறொரு வேலை வேண்டும், காலுக்கு வேறொரு பாதை வேண்டும். கூலியைப் பட்டறை வாசலிலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி ஒரு குடும்பத்தார் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த மாலையில் அவரோடு பேசிக்கொண்டே வீடுவரை நடந்துவர மூப்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். சொல்வதற்குச் சிறிய காரியங்கள்தான். இவ்வகையில் உதவ இன்னும் இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஆராதனைக்குப் பின் என்னைத் தனியே காணலாம்.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பவுல் பேதுருவை எல்லார் முன்பாகவும் முகமுகமாய் எதிர்த்தார்; அந்தப் பந்தியில் மற்றவர்களின் விசுவாசமும் பணயமாக இருந்தது. ஆனாலும் இவன் இவ்வளவுதான் என்று அவரைத் தள்ளிவிடவில்லை. பேதுருவும் தம் இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், பிரியமான சகோதரன் என்று.