எங்கேர்ந்து ஆரம்பிச்சது?

புனேக்கு வந்து பதினோரு வருஷம். அதிர்வு டெஸ்ட் பண்ணி மாடல் போடறதுதான் பொழப்பு.

போன வாரம் நம்ம திருநெல்வேலிப் பையன் முகம் வாடி வந்தான். "அண்ணே, டேம்பிங் எக்கச்சக்கமா வருது. ரிக்தான் கோளாறு. கஸ்டமருக்கு எழுதிடவா?"

டேட்டாவைப் பார்த்தேன். ரெக்கார்டிங் தொடங்கும்போதே மேடை ஆடிட்டு இருந்திருக்கு!

எஃப்எஃப்டி இருக்கே, நாம கொடுக்கற துண்டு திரும்பத் திரும்ப வருதுன்னே எடுத்துக்கும். தொடக்க நிலையும் முடிவு நிலையும் வேறன்னா, அந்த வித்தியாசம் எல்லா அதிர்வெண்லயும் கலந்துடும். மாடல் அதையும் இன்புட்டோட வேலைன்னு நினைச்சுக்கும். சிகரம் அகலமாகும், டேம்பிங் ஏறும்.

வழி ரெண்டு. ஒரே மாதிரி திரும்ப வர்ற இன்புட் கொடுத்து, பழைய ஆட்டம் அடங்கினதும் முழுச் சுற்றுகளை மட்டும் எடுக்கணும். இல்லைன்னா அந்த வித்தியாசத்தையும் தெரியாத எண்ணா வச்சு மாடலோட சேர்த்தே கணக்கிடணும். இரண்டாம் ஆர்டர் மாடலுக்குக் கூடுதலா 2 எண், அவ்வளவுதான்.

ரெண்டாவதைச் செஞ்சோம். டேம்பிங் இறங்கிடுச்சு. கடிதம் போகலை, ரிக் பிழைச்சுது.

வந்த புதுசுல மராத்தி புரியாம நான் வாயே திறக்கலை. அதையே என் குணம்னு முடிவு கட்டினவங்க உண்டுங்க. அந்த மாடலைத் திருத்த எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.