கோலசிலாங்கூர்க் கோட்டையும் நம்மவர் சரித்திரமும்

இடிந்த கட்டடங்களைக் காண மனிதன் நெடுந்தொலைவு பிரயாணம் செய்கிறான். கிரேக்க நாட்டின் சூனியோன் முனையில், கடலை நோக்கி நிற்கும் பொசைடன் கோயிலின் தூண்களைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். நம்மவரில் வசதியுள்ளோரும் சென்று, தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய கடலோரக் கோட்டையொன்று நம் மாநிலத்திலேயே இருக்க, அதன் சரித்திரத்தை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்? இவ்வெண்ணம் உந்தவே, ஒரு நாள் துணையின்றிக் கோலசிலாங்கூருக்குப் புறப்பட்டோம். கூட்டத்தோடு செல்பவன் பெரும்பாலும் கூட்டத்தையே பார்த்துத் திரும்புகிறான். தனியே செல்பவனுக்குக் கல்லும் மண்ணும் சற்றே பேசும்.

சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகச் சென்று, புக்கிட் மெலாவத்தி என்னும் சிறு குன்றின் மீது ஏறினோம். உயரம் பெரிதன்று, நிழல் மரங்கள் அடர்ந்த வழி. சாம்பல் நிறக் குரங்குகள் தம் செம்பொன் நிறக் குட்டிகளை அணைத்தபடி வழிநெடுக அமர்ந்திருக்கின்றன. உச்சியில் பழைய பீரங்கிகள் மலாக்கா நீரிணையை நோக்கி நிற்கின்றன. ஆயினும் கடல் இன்று குன்றின் அடியில் இல்லை. இடையே அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. அதற்கப்பால் ஒரு வெள்ளிக் கோடாக நீர் தெரிகிறது. பகைவர் கப்பலுக்குக் காத்திருக்கும் பீரங்கிகள் மரங்களைக் குறிபார்த்து நிற்பது காலம் செய்யும் மாறுதலுக்கு நல்ல சான்றாகும்.

இக்குன்றுக்காக நடந்த போர்கள் சிலவற்றை ஈண்டுக் குறிப்போம். புகிஸ் மரபினரான சிலாங்கூர் சுல்தான்களின் இருக்கை இங்கிருந்தது. ஈயவாணிபத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக்காரர், 1784ஆம் ஆண்டில் ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டு மாண்டபின், அவருக்குத் துணைநின்ற சிலாங்கூரின் மீது படையெடுத்துக் கோட்டையைக் கைப்பற்றினர். தங்கள் தலைமை ஆளுநர் ஆல்திங்கின் பெயரால் அதற்கு ஆல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். சுல்தான் இப்ராஹிம் பகாங்குக்குச் சென்று, துணை சேர்த்துக்கொண்டு, மறு ஆண்டே காட்டு வழியாக வந்து கோட்டையை மீட்டார். பின்னர் 1871ஆம் ஆண்டில், கடற்கொள்ளையரைத் தேடி வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலான ரினால்டோ இவ்விடத்தைக் குண்டுகளால் தாக்கிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின் சிலாங்கூர் முழுவதுமே பிரிட்டிஷ் ஆலோசகரின் கைக்குள் சென்றது.

குன்றின்மேல் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம் இருக்கிறது. குற்றவாளிகளின் தலையைக் கொய்ததாகச் சொல்லப்படும் கல் ஒன்றும், நஞ்சு நிரப்பி மனிதரை இறக்கியதாகச் சொல்லப்படும் கிணறு ஒன்றும் காட்டப்படுகின்றன. அக்கதைகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது வேறு விஷயம். ஆளும் வன்மை ஒரு கையில் திரண்ட இடமெல்லாம் இத்தகைய கல்லும் கிணறும் இருந்தே தீரும். இது ஒரு குலத்துக்கோ மதத்துக்கோ உரிய குற்றமன்று. சோழ மன்னர் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வோரும் இதனை நினைவில் வைத்தல் நலம். சரித்திரத்தைப் பக்தியோடு படித்தலும் தவறு, பகையோடு படித்தலும் தவறு. அறிவோடு படித்தலே முறை.

கடலைப் பார்த்து நின்ற நாம் பின்பு கிழக்கே திரும்பி உள்நாட்டை நோக்கினோம். அங்கே ஆற்றின் இருமருங்கிலும் பரந்திருந்த பசுமையின் நடுவே நம்மவர் தோட்டங்கள் இருந்தன. அக்கணத்தில் சூனியோன் மீண்டும் நினைவுக்கு வந்தது. அக்கோயிலுக்கு அண்மையில் லாவ்ரியோன் என்னும் வெள்ளிச் சுரங்கப் பகுதி உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரின் செல்வத்துக்கும் கப்பற்படைக்கும் ஊற்றாக இருந்தது அவ்வெள்ளியே. அதைத் தோண்டியவர் அடிமைகள். பளிங்குத் தூண்களைப் புகழ்ந்தோர் பலர். இருட்டுக் குழிகளில் ஊர்ந்தவர்களை நினைத்தோர் சிலர். எனினும் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கோயிலோடு நின்றுவிடவில்லை. தாதுவைக் கழுவிய தொட்டிகளையும் நீர் சேர்த்த குழிகளையும் அகழ்ந்தெடுத்து உலகுக்குக் காட்டினர். உழைத்தவனின் தொட்டியும் சரித்திரமே என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

நாம் ஒப்புக்கொண்டோமா? இதை அறியவே குன்றிலிருந்து இறங்கி, வண்டியொன்றை அமர்த்திக்கொண்டு பெஸ்தாரி ஜெயா பக்கம் சென்றோம். 2007ஆம் ஆண்டு வரை இவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிற்று. இதன் அருகில்தான் தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917ஆம் ஆண்டில், ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் வாணிபத்துக்கென முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட இடம் அதுவே. மலாயாத் தோட்ட வாழ்வைக் கொண்டு அவர் எழுதிய நாவலுக்கு 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. இன்று செம்பனை எண்ணெயில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் மலேசியாவினுடையது. அப்பெருஞ்செல்வத்தின் முதல் வித்து ஊன்றப்பட்ட மண்ணுக்குப் பெயர் தென்னமரம்! அது தமிழ்ச் சொல் என்பதை நாம் விளக்க வேண்டுமோ? துரையின் பெயரைச் சரித்திரம் அறியும், பரிசையும் அறியும். அம்மண்ணைத் திருத்தியவர்களின் பெயர்களைக் கேட்டால், ஊர்ப்பெயர் ஒன்றைத் தவிர வேறு விடையில்லை.

அவ்வட்டாரத்தில் கைவிடப்பட்ட லயம் ஒன்றின் அடையாளத்தைக் கண்டோம். சிமிந்தித் தரை செம்பனை வேர்களால் வெடித்துக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியும், யாரோ நட்ட முருங்கையும் இருந்தன. அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம்மைக் கண்டதும், “தம்பி, நீங்கள் எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். ஊரைக் கேட்காமல் தோட்டத்தைக் கேட்பது இந்நாட்டுத் தமிழரின் பழைய வழக்கம். நாம் வந்த காரணத்தைச் சொல்லி, “பாட்டி, இங்கே யார் யார் இருந்தார்கள்?” என்று வினவினோம். அவர் கையிலிருந்த குச்சியை நீட்டி, பெரட்டு நடந்த இடத்தையும் ஆயாக் கொட்டகை இருந்த இடத்தையும் காட்டினார். பிறகு முதல் கதவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கதவிலும் குடியிருந்தவரின் பெயரையும், அவர் பிள்ளைகள் போன திசையையும் வரிசையாகச் சொன்னார். இருபது கதவுகள்! ஒரு பெயரிலும் தடுமாற்றமில்லை. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர் இருவர் என்று தம் தாயார் சொல்லக் கேட்டதையும் கூறினார். இந்த இருபது கதவுகளும் எங்கும் எழுதப்படவில்லை. அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

நம்மவர் மேடைகளில் 1025ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைக் கேளாத நாளில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் அடித்தளமொன்று 2013ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டபோது நம்மவர் குரலெழுப்பினர்; அது முறையே. ஆனால் லயம் இடிக்கப்படும்போது குரலெழுப்பியவர் யார்? ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்த மன்னனின் ஆண்டை அறிந்தவன், தன் பாட்டி எந்த ஆண்டில், எந்தக் கங்காணியின் கீழ், எந்தத் துறைமுகத்தில் இறங்கினாள் என்பதை அறியான். மன்னன் நமக்கு உறவினனும் அல்லன். பாட்டியோ நம் இரத்தம். மன்னனைக் கொண்டாடுவதற்கும் பாட்டியை மறப்பதற்கும் காரணம் ஒன்றே: கூலியாக இருந்ததை நாம் இழிவென எண்ணுகிறோம். உழைத்ததில் இழிவில்லை, உழைத்தவனை ஏமாற்றியதிலேதான் இழிவு உண்டு.

மக்கள் வெளியேறிய தோட்டங்களிலும் கோயில் மட்டும் புதுவண்ணத்தோடு நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு வண்டிகள் வந்து சேர்கின்றன. பிரிந்தவர் கூடுவது நன்றே. ஆனால் கோபுரத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, அத்தோட்டத்தில் வாழ்ந்தவர் பெயர்களை ஒரு புத்தகமாக அச்சிட்ட இடங்கள் எத்தனை? அப்படி எழுதும்போதும் பெருமையை மட்டும் எழுதினால் அது சரித்திரமாகாது. கள்ளுக்கடை குடித்த கூலியையும் எழுத வேண்டும். சாதிக்கேற்ப லயம் பிரித்ததையும் எழுத வேண்டும். துரைக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்க மறுக்கும் உரிமையையும் கள்ளுக்கடை ஒழிப்பையும் கேட்டு, 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததையும், துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதையும் எழுத வேண்டும்.

செய்ய வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு தோட்டத்து இளைஞரும் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு முதியோரிடம் செல்லட்டும். கதவு கதவாகப் பெயரை எழுதட்டும். எஞ்சியிருக்கும் லயங்களில் ஒன்றையேனும் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் காட்சிசாலையாக நிலைநிறுத்துமாறு சங்கங்கள் சர்க்காரைக் கேட்கட்டும். மெலாவத்திக் குன்றின் கல் இன்னும் இருநூறு ஆண்டுகள் நிற்கும்; அதைக் காக்கச் சட்டமும் காவலும் உண்டு. மூதாட்டியின் நினைவுக்கு அத்தகைய காவல் எதுவுமில்லை. ஆதலின், நண்பர்களே, கல்லைக் காண அடுத்த ஆண்டு போகலாம். பாட்டியைக் காண இவ்வாரமே போங்கள்.