அப்பாவின் ‘உதயம்’

‘உதயம்’ தமிழ்ப் படமன்று, தெலுங்கிலிருந்து குரல்மாற்றம் செய்யப்பட்டது என்பதை அப்பாவிடம் நான் அறிவித்தபோது எனக்கு வயது பதினான்கு. ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு என் குரலில் இருந்திருக்க வேண்டும். செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே, “எந்தப் பாஷையா இருந்தா என்னப்பா, அது நம்ம படம்” என்றார். அந்த ‘நம்ம’ யாரையெல்லாம் உள்ளடக்கியது என்று கேட்கத் தோன்ற எனக்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

ராம் கோபால் வர்மாவின் முதல் படமான ‘சிவா’ 1989 அக்டோபர் 5 அன்று தெலுங்கில் வெளியானது. அதையே ‘உதயம்’ என்ற பெயரில் தமிழில் கண்டவர்கள் தமிழ்ப் படம் என்றே கொண்டாடியதில் வியப்பில்லை. இசை இளையராஜா. அமலா தமிழ் ரசிகர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவர். பவானி என்னும் ரௌடியாக நடித்த ரகுவரனும் அவ்வாறே. நாகார்ஜுனாவைக்கூட அதே ஆண்டில் வந்த மணிரத்னத்தின் ‘கீதாஞ்சலி’, ‘இதயத்தைத் திருடாதே’யாகி இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. புதியதாக இருந்தது வன்முறையின் தொனி மட்டுமே. கல்லூரி வாசலில் நாயகன் மிதிவண்டியின் சங்கிலியை வெறுங்கையால் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொள்ளும் காட்சியை, படத்தைப் பார்க்காதவர்களும் அறிவர். அதற்குப் பிறகு எத்தனை கல்லூரி மிதிவண்டிகள் சங்கிலியை இழந்தனவோ!

இந்திக்கு அதே கதையை 1990-இல் புதிதாகப் படமாக்கினர். தமிழுக்கு உதட்டின்மேல் வேறு குரலை ஏற்றியதே போதுமாக இருந்தது. இதற்கு வணிகக் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் மொழியியல் படித்தவனின் கண் வேறோரிடத்தில் நிற்கிறது. தெலுங்கிலும் தமிழிலும் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். எதிர்மறையும் அதனோடு ஒட்டியே வரும். ‘தெலியது’ என்று நடிகரின் முகம் மூடிக்கொள்ளும் அதே கணத்தில் ‘தெரியாது’ வந்து விழுகிறது. தலைகீழாகத் திருப்ப வேண்டியதில்லை. சிக்கல் உதடுகள் கூடும் இடங்களில்தான். பாவும் மாவும் திரையில் கண்ணுக்குத் தெரியும் ஒலிகள். சித்தப்பாவைத் தெலுங்கில் ‘பாபாய்’ என்பர். அங்கே உதடு இருமுறை மூடித் திறக்கும், தமிழில் ஒரே முறை. தந்தையைக் குறிக்கும் ‘நான்னா’வில் உதடு மூடுவதே இல்லை, ‘அப்பா’ என்றால் மூடாமல் முடியாது. குரல்மாற்றத்திற்கு உரையாடல் எழுதுவோரின் நாள்களை இத்தகைய சொற்களே தின்றிருக்கும்.

எங்கள் வீட்டில் என் அப்பா தம் தந்தையை ‘நாயனா’ என்று அழைத்தார். நான் என் தந்தையை ‘அப்பா’ என்கிறேன். வட ஆற்காட்டுப் பக்கம் பல தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பம் எங்களுடையது. பாட்டியும் அப்பாவும் தமக்குள் தெலுங்கில் பேசுவர். நான் அறைக்குள் நுழைந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே தமிழுக்கு மாறுவர். சிறுவயதில், “உனக்குத் தெலுங்கு தெரியுமாப்பா?” என்று கேட்டதற்கு, “தெரியாது” என்றார். பாட்டி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

காரணத்தை அவர் சொன்னது மிகப் பின்னர். கல்லூரி விடுதியில் அவருக்குப் பெயர் ‘கொல்டி’. பாட்டிக்கு அவர் எழுதும் கடிதத்தை யாரோ உரக்கப் படித்து, அதிலிருந்த தெலுங்குச் சொற்களை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்ட, அறையே சிரித்ததாம். அதே விடுதி நண்பர்களோடுதான் அவர் ‘உதயம்’ பார்க்கப் போனார். சங்கிலிக் காட்சிக்கு அவர்கள் அனைவரும் நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தனர். “அன்னிக்கு அவனை எவனும் கொல்டின்னு சொல்லல” என்றார் அப்பா. மறுவாரம் தனியாகச் சென்று மீண்டும் பார்த்திருக்கிறார். எனக்கு ஒரு சொல்லும் தெலுங்கு வரக்கூடாது என்ற முடிவை அவர் எப்போது எடுத்தார் என்பதை நான் கேட்கவில்லை.

இப்போது ஆய்வின் பொருட்டுத் திருப்பதிக்கும் காளத்திக்கும் இடையிலுள்ள ஏர்பேட்டில் இருக்கிறேன். பழந்தமிழ் இலக்கணம் வடவெல்லையாகக் குறித்த வேங்கடம் இங்கிருந்து கூப்பிடு தொலைவு. அந்த எல்லையருகில் உட்கார்ந்து, என் பாட்டி இலவசமாகத் தந்திருக்கக்கூடிய மொழியை, இருபத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பேருந்துப் பலகைகளும் தேநீர்க் கடையுமே என் பள்ளி. தெலுங்கின் ‘தெலியு’வும் நம் ‘தெளி’யும் ஒரே வேர் என்பதை எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். ஆனால் இங்கே வந்த முதல் மாதம் என்னால் உருப்படியாகச் சொல்ல முடிந்தது ‘தெலியது’ ஒன்றே.

2025 நவம்பரில் ‘சிவா’வைப் புதுப்பித்து மீண்டும் திரையிட்டனர். அப்பாவை வரவழைத்தேன். திருப்பதியில் இரவுக் காட்சி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், முதன்முறையாக அதன் சொந்த மொழியில் அவர் பார்க்கிறார். அரங்கு நிறைய இளைஞர்கள். அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த படத்திற்கு ஒவ்வொரு அசைவுக்கும் கூச்சல். சங்கிலி கழன்றபோது காது அடைத்தது. அப்பா விசிலடிக்கவில்லை. சற்று நேரம் கழித்தே கவனித்தேன்: திரையில் தெலுங்கு ஒலிக்க, அவர் உதடுகள் ஓசையின்றித் தமிழ் உரையாடலைச் சொல்லிக்கொண்டிருந்தன, பல இடங்களில் நடிகரை முந்திக்கொண்டு. எது மூலம், எது குரல்மாற்றம் என்று எனக்கே ஒரு நொடி குழம்பியது. இடைவேளையில் எப்படி இருக்கிறது என்றேன். “குரல்தான் ஒட்டல” என்றார்.

மறுநாள் காலை ஏர்பேட்டுத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றேன். அப்பா சற்றுத் தயங்கி, நான் கேட்க, அந்நியர் ஒருவரிடம் தெலுங்கில் பேசினார். இரண்டு தேநீர், ஒன்றில் சர்க்கரை குறைவாக. சொற்கள் பாட்டியுடையவை, ஏற்ற இறக்கமோ முழுக்கத் தமிழ். கடைக்காரர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு, “தமிழ்நாடா சார்? எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தெலுங்கிலேயே பதில் சொன்னார். கடைக்காரரும் விட்டுக்கொடுக்கவில்லை. தேநீர் ஆறும்வரை இவர் தெலுங்கிலும் அவர் தமிழிலுமாகப் பேசிக்கொண்டே இருந்தனர். சர்க்கரை குறைவான கோப்பை என்னிடம் வந்துவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை.